பானையிலிருந்து புத்தக அலமாரி வரை

1916 ஏப்ரல் மாசம். நியூயார்க் கார்னெகி ஹால். மேடையில மேரி ரப்போல்ட் என்ற ஆபெரா பாடகி நிக்கறாங்க. பக்கத்துல எடிசன் கம்பெனியோட இசைத்தட்டுப் பெட்டி ஒண்ணு. அம்மணி பாடறாங்க, பெட்டியும் கூடவே பாடுது. திடீர்னு அவங்க வாயை மூடிக்கறாங்க. பாட்டு மட்டும் நிக்கலை. கூட்டத்துல ஆச்சரியம்.

இதுக்கு 'டோன் டெஸ்ட்'னு பேர். 1915-ல ஆரம்பிச்சு சுமார் பத்து வருஷம் அமெரிக்காவுல ஊர் ஊரா நடத்தினாங்க. சில இடங்கள்ல விளக்கை அணைச்சிடுவாங்க. பாட்டு ஓடிக்கிட்டே இருக்கும். விளக்கைப் போட்டா பாடகியையே காணோம், பெட்டி மட்டும் பாடிக்கிட்டு இருக்கும். எடிசனுக்கு விளம்பரம் சொல்லியா குடுக்கணும்!

இந்த நிகழ்ச்சிகள்ல நிறைய பாடின அன்னா கேஸ் என்ற பாடகி, பல வருஷம் கழிச்சு வயசான காலத்துல ஒரு விஷயத்தை ஒத்துக்கிட்டாங்க. பெட்டியோட குரல் எப்படி இருக்குமோ அதுக்கு ஏத்த மாதிரி தன் குரலை மாத்திப் பாடினாங்களாம். அதாவது பெட்டி மனுஷி மாதிரி பாடலை, மனுஷிதான் பெட்டி மாதிரி பாடியிருக்காங்க :-)

இந்தப் பழங்கதை இப்ப எதுக்குன்னு கேட்டா, போன மாசம் நம்ம வீட்டுக்கு ஒரு ஜோடி புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் வந்து சேர்ந்தது. ஆளுக்கு ஒரு அடி உயரம். வாங்கறதுக்கு முன்னாடி படிச்ச விமர்சனங்கள்ல 'வெதுவெதுப்பு', 'காற்றோட்டம்', 'பட்டு போல'ன்னு பாத்திரக் கடையையும் ஜவுளிக் கடையையும் கலந்து எழுதியிருந்தாங்க. ஒண்ணும் விளங்கலை. ஒரு ஸ்பீக்கர் நல்லா இருக்குன்னு எப்படித்தான் முடிவு பண்றது? இந்தக் கேள்வியைப் பிடிச்சுக்கிட்டே போனா, சின்ன ஸ்பீக்கரோட வரலாறு முழுக்க இதே கேள்விதான் ஓடுது. அந்தக் கதைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், காபி எடுத்துட்டு வந்துடுங்க.

பானை வைத்தியம்

இன்னைக்கு நாம பாக்கற ஸ்பீக்கருக்கு, அதாவது காந்தம், கம்பிச் சுருள், காகிதக் கூம்பு இந்த அமைப்புக்கு, நிலையான வடிவம் குடுத்தவங்க செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக்னு ரெண்டு பேர். ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி ஆளுங்க. 1925-ல அவங்க கட்டுரை வந்தது. நூறு வருஷம் தாண்டியும் அடிப்படை மாறலை.

இந்தக் கூம்பை வெறுமனே கையில பிடிச்சுக்கிட்டு பாட்டுப் போட்டா சத்தம் தகரத்தைத் தட்டற மாதிரிதான் வரும். நம்ம ஊர்ல இதுக்கு மருந்து என்னன்னு எண்பதுகள்ல வளர்ந்தவங்களுக்குத் தெரியும். பானை! டேப் ரெக்கார்டர்லேர்ந்து ஒயர் இழுத்து, ஒரு மண்பானை வாயில ஸ்பீக்கரைப் பொருத்திட்டா, டீக்கடை, சைக்கிள் கடை எல்லாம் அதிரும். பொறியியல் படிக்காத யாரோ ஒரு புண்ணியவான் கண்டுபிடிச்ச வித்தை. ஆனா அதுல விஷயம் இருக்கு.

கூம்பு முன்னால காத்தைத் தள்ளும்போது பின்னால காத்தை இழுக்குது. 50 ஹெர்ட்ஸ் ஒலியோட அலைநீளம் கிட்டத்தட்ட ஏழு மீட்டர். அவ்வளவு நீள அலைக்கு அரையடி கூம்பு ஒரு தடையே இல்லை. பின்பக்க அலை சுத்தி வந்து முன்பக்க அலையை அடிச்சுத் தின்னுடும். 'தும்' போயி 'டக்'தான் மிஞ்சும். பின்பக்கத்தை அடைச்சா 'தும்' திரும்ப வரும். பானை செய்யறது அதைத்தான்.

சரி, அடைச்சாச்சு. அடுத்த வில்லங்கம் அங்கதான் ஆரம்பிக்குது. சின்னப் பெட்டிக்குள்ள மாட்டிக்கிட்ட காத்து ஸ்பிரிங் மாதிரி விறைக்கும். சைக்கிள் பம்பு வாயை விரலால அடைச்சுக்கிட்டு அமுக்கிப் பாத்திருப்பீங்களே, அதே கதை. கூம்புக்கு ஏற்கெனவே அதோட சொந்த விறைப்பு இருக்கு. ரெண்டும் சேர்ந்தா தாழ்ந்த சுரம் வராது. அதனால 'பேஸ் வேணுமா, பெரிய பெட்டி செய்'ங்கறதுதான் அன்னைக்கு வழக்கம். 1930-கள்லேயே பெல் ஆய்வகத்தின் ஆல்பர்ட் துராஸ் பெட்டியில ஒரு ஓட்டை போட்டு, பின்பக்க ஒலியையும் பயன்படுத்திக்கற வழி கண்டுபிடிச்சிருந்தார். ஆனா எவ்வளவு பெரிய ஓட்டை, எவ்வளவு பெரிய பெட்டின்னு கணக்கு யாருக்கும் சரியா பிடிபடலை. 1946-ல பால் கிளிப்ஷ் கொண்டுவந்த கிளிப்ஷார்ன் அறையோட மூலையையே கொம்பு வாத்தியத்தின் ஒரு பகுதியாக்கிடுச்சு. அருமையான சாதனம்தான், ஆனா நம்ம வீட்டு பீரோ மாதிரி இடத்தை அடைக்கும்.

மெத்தைத் துணி

இந்த முடிச்சை அவிழ்த்தவர் எட்கர் வில்ச்சர் (1917–2011). நியூயார்க் பல்கலைக்கழகத்துல ஒலிப்பதிவு, ஒலிபரப்பு பத்தி வகுப்பு எடுத்துக்கிட்டிருந்தவர். அவர் யோசனை ரொம்ப எளிமை. ரெண்டு ஸ்பிரிங் இருக்கறதுதானே பிரச்சினை? கூம்போட சொந்த ஸ்பிரிங்கை எடுத்துடு. கூம்பைத் தொளதொளன்னு விடு. அடைபட்ட காத்தையே ஸ்பிரிங்கா வெச்சுக்கோ. அதுலயும் ஒரு லாபம் உண்டு. துணி, காகித ஸ்பிரிங்கை விட காத்து ஒழுங்கா, சீரா விறைக்கும். அதனால ஒலி சிதையறதும் குறையும்.

முதல் மாதிரியை வீட்லயே செஞ்சிருக்கார். ஸ்பீக்கர் விளிம்பை வெட்டி எடுத்துட்டு, அந்த இடத்துல மெத்தை உறைத் துணியை வெச்சுத் தைச்சு ஒட்டினது. மனைவி ரோஸ்மேரியும் கூட உதவி. பெரிய கம்பெனிகள்கிட்ட போய்ச் சொன்னா யாரும் சட்டை பண்ணலை. கடைசில அவர் வகுப்புல படிச்ச ஹென்றி கிளாஸ் என்ற இளைஞர் கைகொடுத்தார். மாசசூசெட்ஸ் கேம்பிரிட்ஜ்ல கிளாஸுக்கு ஒரு பட்டறை இருந்தது. ரெண்டு பேரும் சேர்ந்து 1954-ல 'அக்கூஸ்டிக் ரிசர்ச்' கம்பெனியை ஆரம்பிச்சாங்க. முதல் ஸ்பீக்கர் ஏஆர்-1. விலை 185 டாலர். அளவு சுமாரா 25 அங்குலம், 14 அங்குலம், 11 அங்குலம். பீரோ பக்கத்துல வெச்சா இது குழந்தை. இருந்தாலும் நம்ம வீட்டு அலமாரித் தட்டு தாங்குமான்னா, சந்தேகம்தான் :-) இப்படித்தான் 'புத்தக அலமாரி ஸ்பீக்கர்' என்ற ஜாதி உருவாச்சு.

1956 டிசம்பர்ல காப்புரிமை கிடைச்சது. அப்புறம் இன்னொரு கம்பெனியோட வழக்கு. ஆர்சிஏவின் ஹாரி ஓல்சன் பேர்ல 1949-லேயே இதே மாதிரி ஒரு காப்புரிமை இருக்குன்னு தெரிஞ்சு, வில்ச்சரோடது செல்லாமப் போச்சு. அவர் மேல்முறையீடுன்னு அலையலை. யார் வேணும்னாலும் செய்யலாம்னு ஆயிடுச்சு, எல்லாரும் செஞ்சாங்க. கிளாஸ் 1957-லேயே பிரிஞ்சு போய் கேஎல்எச் கம்பெனியைத் தொடங்கியிருந்தார். 1958-ல வந்த ஏஆர்-3, குவிமாடம் மாதிரி ட்வீட்டர் வெச்ச மாடல், இன்னைக்கு ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துல இருக்கு.

மேடையில நாலு பேர்

வில்ச்சர் தன் பெட்டியை எப்படி விளம்பரம் பண்ணினார் தெரியுமா? எடிசன் பண்ணின அதே வித்தை. 'ஃபைன் ஆர்ட்ஸ் குவார்டெட்'னு ஒரு தந்தி வாத்தியக் குழு. ரெண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. 1959-லேர்ந்து நாலஞ்சு வருஷத்துல 75-க்கும் மேற்பட்ட கச்சேரிகள். வாசிச்சுக்கிட்டே இருப்பாங்க, நடுவுல வில் மட்டும் ஆடும், ஒலி ஏஆர்-3-லேர்ந்து வரும். எது நிஜம், எது பெட்டின்னு கேட்டவங்களால அடிச்சுச் சொல்ல முடியலை.

எடிசன் சோதனைக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? வயலின்காரர் தன் வயலினை ஸ்பீக்கர் மாதிரி 'வளைச்சு' வாசிக்கறது, பாடகி குரலை மாத்தற அளவுக்குச் சுலபம் இல்லை. அப்புறம் டேப்பை எதிரொலி சேராம தனியாப் பதிவு பண்ணியிருந்தாங்க. இல்லைன்னா பதிவான அறையோட எதிரொலியும் கச்சேரி நடக்கற அரங்கோட எதிரொலியும் சேர்ந்து காட்டிக் குடுத்துடும். ஆனா வில் ஆடறதைக் கண்ணு பாத்துக்கிட்டுதான் இருந்தது. கண்ணு காதை எவ்வளவு ஏமாத்தும்ங்கற கேள்வி பாக்கி இருக்கு. அதுக்கு அப்புறம் வரேன்.

ஏஆர் செஞ்ச இன்னொரு காரியமும் எனக்குப் பிடிச்சது. நியூயார்க் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்துல ஒரு கேட்கும் அறை வெச்சிருந்தாங்க. யார் வேணும்னாலும் உள்ள வந்து உக்காந்து கேக்கலாம். அங்க விற்பனை கிடையாது. 'சார், ஆஃபர் இன்னைக்கு மட்டும்தான்'னு பின்னாலேயே வர ஆள் இல்லாத ஒரு ஸ்பீக்கர் கடை. கேக்கவே சுகமா இருக்குல்ல?

வேனுக்குள்ள ஒரு பெட்டி

அடுத்த கட்டம் இங்கிலாந்து. பிபிசி ஆய்வுப் பிரிவு ஸ்டூடியோக்களைக் கட்டறதுக்கு முன்னாடி, எட்டுல ஒரு பங்கு அளவுல மாதிரி செஞ்சு ஒலியைச் சோதிச்சுக்கிட்டிருந்தாங்க. அந்தச் சின்ன ஸ்டூடியோவுக்குன்னு ஒரு சின்ன ஸ்பீக்கர் தேவைப்பட்டது. செஞ்சு கேட்டா எதிர்பார்த்ததை விட நல்லா இருந்தது. வெளியூர் ஒலிபரப்பு வேன்கள்ல பெரிய ஸ்பீக்கருக்கு இடம் கிடையாது. அங்க இதை வெச்சா என்னன்னு யோசிச்சதுல பிறந்ததுதான் எல்எஸ்3/5ஏ. ஹார்வுட், வாட்டன், மில்ஸ் மூணு பேரும் எழுதின அறிக்கை 1976-ல வெளியாச்சு.

உயரம் 30 செ.மீ., அகலம் 19 செ.மீ., ஆழம் 16 செ.மீ. கேஇஎஃப் கம்பெனியின் ஒரு சின்ன ஊஃபர், ஒரு ட்வீட்டர், மூடின பெட்டி. சத்தமா கத்தாது, ஆழமான பேஸும் வராது. இதெல்லாம் தெரிஞ்சேதான் செஞ்சாங்க. அவங்களுக்கு வேண்டியது மனுஷக் குரல் மனுஷக் குரலா வரணும், அவ்வளவுதான். பிபிசி பொறியாளர்களுக்கு இதுல ஒரு பெரிய வசதி இருந்தது. சந்தேகம் வந்தா கதவைத் திறந்து ஸ்டூடியோவுக்குள்ள போனா, அதே ஆள் அதே மைக் முன்னால பேசிக்கிட்டிருப்பார். நிஜம் பத்தடி தூரத்துல! அந்தப் பெட்டியை ரோஜர்ஸ், ஸ்பெண்டார், ஹார்பெத்னு பல கம்பெனிகள் உரிமம் வாங்கிச் செஞ்சு வித்தாங்க. இப்பவும் சில பேர் செய்யறாங்க.

அந்தப் பழைய ஓட்டைப் பெட்டிக் கணக்கையும் சொல்லிடறேன். 1961-ல ஆஸ்திரேலியாவின் நெவில் தீல் அதைத் தீர்த்து வெச்சார். எழுபதுகளின் தொடக்கத்துல சிட்னி பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ஸ்மால் அதை விரிவாக்கினார். இன்னைக்குக் கடையில இருக்கற சின்ன ஸ்பீக்கர்கள்ல பெரும்பாலானவை, என்னோடது உட்பட, ஓட்டை வெச்சவைதான். அந்த ஓட்டையோட நீளமும் அகலமும் தீல்-ஸ்மால் கணக்குலேர்ந்து வருது.

திரைக்குப் பின்னால

இப்ப கண்ணு விஷயத்துக்கு வருவோம். கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் குழுவில ஃப்ளாய்ட் டூல்னு ஒரு விஞ்ஞானி. ஒலி புகும், ஆனா பார்வை புகாத திரைக்குப் பின்னால ஸ்பீக்கர்களை வெச்சு, சத்த அளவைச் சமமாக்கி, ஆளுங்களை உக்கார வெச்சு மார்க் போடச் சொன்னார். 'ரசனை ஆளுக்கு ஆள் மாறும்'னு நாம சொல்லிக்கிட்டிருக்கோம். ஆனா திரை போட்டதும் பெரும்பாலானவங்க ஒரே மாதிரி ஸ்பீக்கரைத்தான் தேர்ந்தெடுத்தாங்க. எந்த ஒலியையும் கூட்டாம குறைக்காம சமமாக் குடுக்கற ஸ்பீக்கரை. 1985, 86-ல அந்தக் கட்டுரைகள் வந்தன.

அப்புறம் ஹார்மன் கம்பெனிக்குப் போனார். 1994-ல அவரும் ஷான் ஆலிவும் சேர்ந்து 40 பேரை வெச்சு ஒரு சோதனை நடத்தினாங்க. அதே ஸ்பீக்கர்களைத் திரை போட்டும் போடாமலும் கேக்க வெச்சாங்க. திரை விலகினதும் பெரிசா, அழகா இருந்தவைக்கு மார்க் ஏறிச்சு. சின்னதா, பிளாஸ்டிக்கா இருந்ததுக்கு மார்க் இறங்கிச்சு. கேட்டவங்க எல்லாம் அந்தக் கம்பெனி ஊழியர்களேதான், ஒலி பத்தித் தெரிஞ்சவங்க!

எடிசன்லேர்ந்து டூல் வரைக்கும் சேர்த்துப் பாத்தா, மதிப்பிட ரெண்டு விஷயம் வேணும்னு தோணுது. ஒண்ணு, ஒப்பிட ஒரு நிஜம். ரெண்டு, கண்ணுக்கு ஒரு திரை.

நம்ம வீட்டு ஹால்

இந்த ரெண்டையும் நம்ம ஃப்ளாட்டுல பண்ணிப் பாத்துடறதுன்னு முடிவு பண்ணினேன். வயலின் குழுவைக் கூப்பிட வசதி இல்லை. ஆனா நிஜம் ஒண்ணு வீட்லயே பேப்பர் படிச்சுக்கிட்டு இருக்கே. அப்பா!

துணி பீரோவைத் திறந்து வெச்சு, அதைப் பாத்த மாதிரி அப்பாவை உக்கார வெச்சு, சத்தமா செய்தி படிக்கச் சொல்லி செல்போன்ல பதிவு பண்ணினேன். தொங்கற புடவைகளும் வேட்டிகளும் எதிரொலியைக் குடிச்சுடும். ஏஆர்காரங்க எதிரொலி இல்லாத டேப்புக்குப் பட்ட பாட்டை நாம பீரோவுல முடிச்சாச்சு. அப்பாவுக்கு 74 வயசு. 'எந்த ரேடியோவுல வரும்?'னு கேட்டுட்டுப் படிச்சார்.

முதல்ல பேருக்கு ஏத்த மாதிரி புத்தக அலமாரிக்குள்ளேயே ஸ்பீக்கரை வெச்சேன். அப்பா குரல் சளி பிடிச்ச மாதிரி, பானைக்குள்ளேர்ந்து பேசற மாதிரி வந்தது. சுவரும் பலகையும் பக்கத்துல இருந்தா தாழ்ந்த ஒலி எகிறும், அதான். அடுத்தது சுவரை ஒட்டி ஸ்டூல் மேல. சளி பாதி போச்சு. மூணாவது, சுவர்லேர்ந்து ரெண்டடி முன்னால இழுத்து, ட்வீட்டர் காது உயரத்துக்கு வர மாதிரி, நாங்க உக்கார்ற இடத்தைப் பாக்கத் திருப்பி. இப்ப அப்பா குரல் அப்பா குரலா இருந்தது. எவ்வளவு இருந்ததுன்னா, சமையல்கட்டுலேர்ந்து அம்மா,

"டேய், உங்கப்பா எதுக்குடா அதே செய்தியத் திரும்பத் திரும்பப் படிக்கிறாரு?"

கார்னெகி ஹால் கூட்டத்தை விட எனக்கு இந்தத் தீர்ப்பு பெரிசு. அம்மா அப்பா குரலை 48 வருஷமா கேக்கறவங்க. ஸ்பீக்கரைக் கண்ணால பாக்கவும் இல்லை. சோதனை நடக்குதுன்னே தெரியாது.

அடுத்து திரை. நண்பர் ஒருத்தர்கிட்ட இரவல் வாங்கின ஆளுயர ஸ்பீக்கரையும் பக்கத்துல வெச்சு, குறுக்கே கொடி கட்டி ரெண்டு மெல்லிசு வேட்டியைத் தொங்கவிட்டேன். சத்தத்தை செல்போன் மீட்டர் வெச்சு சமமாக்கினேன். இது முக்கியம் மக்களே, கொஞ்சம் சத்தமா இருக்கறது எப்பவும் 'நல்லா இருக்கு'ன்னு தோணும். வேட்டி இல்லாதப்ப எல்லாரும் பெரிசுக்குத்தான் ஓட்டுப் போட்டாங்க. வேட்டிக்குப் பின்னால, பேச்சுக்கும் வீணைக்கும் சின்னது ஜெயிச்சது. மிருதங்கத்துல பெரிசு ஜெயிச்சது. வலந்தலை ரெண்டுலயும் ஒண்ணுதான், ஆனா தொப்பியில கும்கி விழும்போது பெரிசு கூடத்தையே நிறைச்சது, சின்னது சொல்லிட்டு நகர்ந்துடுச்சு. இயற்பியலை ஏமாத்த முடியாது. தங்கமணி தீர்ப்பு: 'வேட்டி நல்லாருக்கு, அப்படியே ஸ்கிரீனா விட்டுடலாம்.' :-)

காது

அப்பாவைக் கேக்கலாம்னு பாத்தா அவர் சோதனைக்கே உக்காரலை. 'எனக்கு எல்லாம் ஒண்ணுதான்டா'ன்னுட்டார். மூணு வருஷமா காது கேக்கும் கருவி போட்டிருக்கார். அதுக்கு முன்னாடி பாட்டையே விட்டிருந்தார். மெல்லப் பேசினா கேக்காது, சத்தமாப் பேசினா 'ஏன்டா கத்தற'ம்பார். வயசானவங்க இருக்கற வீட்ல இது தெரியும். உள்காது பழுதானா மெல்லிய ஒலி காணாமப் போயிடும், பெரிய ஒலி மட்டும் பழைய பலத்தோடயே வரும். ரெண்டுக்கும் நடுவுல இருக்கற இடம் சுருங்கிடும். எல்லாத்தையும் ஒரே மாதிரி பெரிசு பண்ணின பழைய கருவிகளை வாங்கினவங்க மேஜை டிராயர்ல போட்டு வெச்சது அதனாலதான்.

இங்க வில்ச்சர் திரும்ப வரார். 1967-ல கம்பெனியை டெலிடைனுக்கு வித்துட்டு, வுட்ஸ்டாக் வீட்டு ஆய்வகத்துல காது கேக்கும் கருவி பத்தி ஆராய உக்காந்துட்டார். ஒலியைப் பல பட்டைகளாப் பிரி, ஒவ்வொண்ணுலயும் மெல்லியதை நிறையத் தூக்கு, பெரிசைக் கொஞ்சமாத் தூக்குன்னு அவர் முறை. 1973-ல கட்டுரையா வெளியிட்டார். காது பழுதானவருக்கு எப்படிக் கேக்கும்னு நல்ல காது உள்ளவங்களுக்குக் கேட்டுக் காட்டற கருவியும் செஞ்சார். இதுக்குக் காப்புரிமை வாங்கவே இல்லை. வேணும்ங்கறவங்க எடுத்துக்கட்டும்னு விட்டுட்டார். எண்பதுகளின் கடைசியில அந்த வழியில கருவிகள் சந்தைக்கு வந்தன. இன்னைக்கு விக்கற கருவிகள்ல கிட்டத்தட்ட எல்லாத்துலயும் இந்த முறைதான்.

மெத்தைத் துணியில ஸ்பீக்கர் தைச்ச மனுஷன், தான் செஞ்ச பெட்டியை விட, அதைக் கேக்கற காது முக்கியம்னு கடைசி நாப்பது வருஷத்தைக் குடுத்திருக்கார். 2011-ல 94 வயசுல காலமானார். இப்ப சாயங்காலம் ஆறு மணிக்கு அப்பா நாதஸ்வரம் போடச் சொல்லிக் கேக்கறார். ஸ்பீக்கர்லயும் அவர் காதுலயும் ஒரே ஆளோட வேலை ஓடிக்கிட்டு இருக்கு.

பி.கு: ஸ்பீக்கர் எந்தக் கம்பெனி, என்ன விலைன்னு கேக்காதீங்க. உங்க வீட்ல ஒருத்தரைப் பேப்பர் படிக்கச் சொல்லி, பதிவு பண்ணிக்கிட்டு கடைக்குப் போங்க. அங்க கண்ணை மூடிக்கிட்டு அந்தக் குரலைப் போட்டுக் கேளுங்க. யார் குரலை எடுத்துக்கிட்டுப் போனீங்கன்னு மட்டும் எனக்குச் சொல்லுங்க.